அறுந்த தண்டுவடமும் வளர்ச்சிக் காரணிகளும்

1862ஆம் ஆண்டில் எகிப்தின் லக்ஸர் நகரத்தில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் விலைகொடுத்து வாங்கிய பாபிரஸ் சுருள் ஒன்று, ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் படியெடுக்கப்பட்டதும், அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த மூலம் ஒன்றைத் தழுவியதுமான ரண வைத்திய நூல் என்பதைப் பின்னாளில் அறிஞர்கள் கண்டறிந்தார்கள். தலைக்காயம் முதற்கொண்டு ஒவ்வொன்றையும் முறையாக எடுத்துக்கொண்டு, இதைக் குணப்படுத்தலாம், இதனோடு போராடிப் பார்க்கலாம், இதற்குச் சிகிச்சை இல்லை என்று மூவகையாகத் தீர்ப்புக் கூறிச் செல்லும் அந்நூலின் ஆசிரியர், கழுத்தின் முள்ளெலும்பு பிசகி, தனக்குக் கைகால்கள் இருப்பதையே உணராதவனாய், சிறுநீர் தன்னையறியாமல் கழியும் நிலையில் கொண்டுவரப்படும் மனிதனை மூன்றாம் வகையில் சேர்த்திருக்கிறார். அந்தத் தீர்ப்பைக் கல்நெஞ்சம் என்று சொல்வதற்கில்லை. கண்ணால் கண்ட உண்மையை உள்ளபடி உரைத்த நேர்மை அது. தண்டுவடம் காயமுற்றவரின் உயிரைக் காப்பாற்றும் வித்தை இரண்டாம் உலக யுத்தத்தின் காலத்திலேதான் வைத்தியர்களுக்குக் கைவந்தது; அறுந்த வடத்தை மீண்டும் இணைக்கும் வித்தையோ இன்றுவரை கைவரவில்லை. ஆயினும், அது ஒருநாளும் கைவராது என்பது இயற்கையின் கட்டளை என்ற பழைய சித்தாந்தம் கடந்த ஒரு நூற்றாண்டில் படிப்படியாகத் தகர்ந்துவிட்டது. அதைத் தகர்த்ததில் பெரும்பங்கு, வளர்ச்சிக் காரணிகள் என்று வழங்கப்படும் சில நுண்ணிய புரதங்களை ஆராய்ந்தவர்களுக்கு உரியது.

வயது வந்த மனிதனிடத்தில் தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளமும், சுண்டுவிரலின் பருமனும் உடையது. மூளையின் அடிப்பாகத்திலிருந்து புறப்பட்டு, முதுகெலும்புகளின் நடுவிலுள்ள குழாயினுள் இறங்கி, இடுப்பின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும் இந்த உறுப்பிலிருந்து 31 ஜோடி நரம்புகள் இருபுறமும் பிரிந்து சரீரமெங்கும் செல்கின்றன. உள்ளங்காலில் முள் தைத்த செய்தி மேலே செல்வதும், காலைத் தூக்கு என்ற ஆணை கீழே வருவதும் இதன் வழியாகவே. அந்தச் செய்திகளைத் தாங்கிச் செல்பவை நரம்பணுக்களிலிருந்து நீளும் ஆக்ஸான் என்னும் இழைகள். ஒரு நரம்பணுவின் உடல் மூளையின் மேற்பரப்பில் இருக்க, அதன் இழை இடுப்புப் பிரதேசம் வரையில் அறுபட்டுப் போகாத ஒரே தொடராக நீண்டிருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பார்த்தால்தான், நடுவில் ஓரிடத்தில் ஏற்படும் ஒரு சென்டிமீட்டர் காயம் ஏன் மனிதனின் பாதிச் சரீரத்தை அவனிடமிருந்து பிரித்துவிடுகிறது என்பது விளங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி இன்று ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானவர்கள் இந்நிலையில் வாழ்கிறார்கள். சாலை விபத்துகளும், உயரத்திலிருந்து விழுவதும், வன்முறையுமே இதற்கு முக்கியமான காரணங்கள்.

காயம் நேர்ந்த இடத்தில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பெரும்பாலும் தண்டுவடம் கத்தியால் வெட்டியது மாதிரி இரண்டாகத் துண்டுபடுவதில்லை. பிசகிய எலும்பினால் நசுங்குகிறது. நசுங்கிய கணத்தில் மடியும் அணுக்கள் ஒரு பகுதிதான். அதைத் தொடர்ந்து மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் நிகழும் இரண்டாவது அழிவில் மடிபவை இன்னும் பல. சிறு ரத்தக் குழாய்கள் உடைந்து கசிகின்றன, அணுக்கள் சிதைந்து வெளிப்படும் குளூட்டமேட் என்ற பொருள் அக்கம்பக்கத்து நரம்பணுக்களை அளவுமீறித் தூண்டிக் கொல்லுகிறது, கால்சியம் உள்ளே வெள்ளமாகப் பாய்கிறது, வீக்கம் பரவுகிறது, இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உண்டாக்கிய துணையணுக்கள் காயத்துக்கு வெகுதூரத்திலும்கூட ஒவ்வொன்றாகத் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ளுகின்றன. சில வாரங்கள் கழிந்தபின், நடுவே நீர் நிரம்பிய ஒரு பொந்தும், அதனைச் சுற்றித் தழும்பும் மிஞ்சுகின்றன. அந்தத் தழும்பின் மேற்கரையில், அறுபட்ட இழைகளின் நுனிகள் வீங்கிய உருண்டைகளாகத் திரண்டு, வளர்வதும் இல்லாமல் மடிவதும் இல்லாமல் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் நின்றுவிடுகின்றன.

அந்த உருண்டைகளை முதன்முதலில் நுணுகிக் கண்டு வரைந்தவர்களுள் தலைமையானவர் ஸ்பெயின் தேசத்து ஸான்டியாகோ ரமோன் இ கஹால். 1890ஆம் ஆண்டில் கோழிக் கருவை ஆராய்ந்தபோது, வளரும் நரம்பிழையின் நுனியில் ஒரு சிறு கூம்பு இருப்பதையும், அது முன்னும் பின்னும் தடவித் தடவி வழிகண்டு செல்வதையும் ஊகித்தறிந்து அதற்கு வளர்ச்சிக் கூம்பு என்று பெயரிட்டவரும் அவரே. 1906இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அந்த மகான், 1913-14இல் வெளியிட்ட பெருநூலில், கைகால்களிலுள்ள புற நரம்புகள் அறுந்தால் திரும்ப வளர்வதையும், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ளவை சிறிது துளிர்த்துப் பின் ஓய்ந்துவிடுவதையும் விரிவாக எடுத்துக்காட்டினார். வயது வந்தபின் அப்பாதைகள் மாறாதவையாகிவிடுகின்றன என்ற அவருடைய முடிவு பல தலைமுறைகளுக்கு வேதவாக்காயிற்று. ஆனால் அவருடைய சீடர் ஃபிரான்ஸிஸ்கோ டெய்யோ 1911இலேயே முயலின் மூளையில் புற நரம்புத் துண்டு ஒன்றைப் பதித்துவைத்து, மூளையின் இழைகள் அதற்குள் புகுந்து வளர்வதைக் கண்டிருந்தார். வளர்ச்சி நின்றதற்குக் காரணம் இழையின் இயலாமை அன்று, அதன் சூழலில் ஏதோ ஓர் ஊட்டம் இல்லாமையே என்று குருவும் சீடரும் கருதினார்கள். கஹாலின் அவநம்பிக்கையை நினைவில் வைத்திருந்த உலகம் அவருடைய இந்தக் கருத்தை ஏறக்குறைய 70 ஆண்டுகள் மறந்திருந்தது.

1980-81இல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவும் அவருடைய சகாக்களும் அந்தக் கருத்துக்கு மறுக்கவியலாத நிரூபணம் அளித்தனர். எலியின் காலிலிருந்து எடுத்த புற நரம்பு ஒன்றின் ஒரு முனையை மூளையின் அடிப்பாகத்திலும் மறுமுனையைத் தண்டுவடத்திலும் பொருத்திப் பாலம் அமைத்தபோது, வளரவே வளரா என்று கைவிடப்பட்ட இழைகள் அந்தப் பாலத்தின் வழியே சுமார் 3 சென்டிமீட்டர் தூரம் வளர்ந்து சென்றன. பாலத்தைக் கடந்து மீண்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்தவுடனே ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுபோயின. ஒரே இழை, ஒரே அணு. இடம் மாறியதும் குணம் மாறியது. அப்படியானால் புற நரம்பு கொடுக்கும் ஊட்டம் எது, தண்டுவடம் விதிக்கும் தடை எது என்ற இரண்டு கேள்விகளே இத்துறையின் பிற்காலச் சரித்திரம் முழுவதையும் நடத்திவந்தன.

முதற்கேள்விக்கான விடையின் வேர், யுத்தகாலத்து இத்தாலியில் ஒரு வீட்டின் படுக்கையறையில் இருக்கிறது. 1909இல் டூரின் நகரில் பிறந்து, அங்கேயே வைத்தியம் பயின்ற ரீட்டா லெவி-மொன்டால்சினி, முசோலினியின் அரசாங்கம் 1938இல் யூதர்களுக்கு எதிராக இயற்றிய சட்டங்களால் சர்வகலாசாலையினின்றும் விலக்கப்பட்டார். ஆராய்ச்சியை விட மனமில்லாத அவர், தையலூசிகளைத் தீட்டிக் கத்திகளாக்கிக்கொண்டும், கடிகாரம் பழுதுபார்ப்பவரின் இடுக்கியை வைத்துக்கொண்டும், தம் அறையிலேயே கோழிக் கருக்களை அறுத்து ஆராயலானார். குண்டுவீச்சுக்கு அஞ்சிக் குடும்பம் கிராமப்புறத்துக்குப் பெயர்ந்தபோதும் அந்த வேலை ஓயவில்லை. கருவின் கால் மொட்டையோ சிறகு மொட்டையோ அகற்றிவிட்டால், அதற்குச் செல்லவேண்டிய நரம்பணுக்கள் குறைந்துபோகின்றன என்பதை ஜெர்மானியரான விக்டர் ஹாம்பர்கர் முன்னமே கண்டிருந்தார். அவ்வணுக்கள் தோன்றாமலே போகின்றன என்பது ஹாம்பர்கரின் விளக்கம். தோன்றி, வளர்ந்து, சேரவேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று கிடைக்காமல் மடிகின்றன என்பது ரீட்டாவின் விளக்கம். யுத்தம் முடிந்தபின் ஹாம்பர்கர் அவரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அழைத்தார். 1947இல் சில மாதங்களுக்கென்று சென்றவர் அங்கே 30 ஆண்டுகள் பணியாற்றினார். கருத்துவேறுபாட்டில் வெற்றி அவருடைய விளக்கத்துக்கே கிட்டியது.

எலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் பதித்தால் நரம்பிழைகள் அதை நோக்கி அபரிமிதமாகப் பெருகுகின்றன என்று எல்மர் பியூக்கர் என்பவர் 1948இல் கண்டதைத் தொடர்ந்து, அக்கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து பரவுகிறது என்று ரீட்டா அநுமானித்தார். அதைச் சோதிக்க 1952இல் கட்டியுள்ள எலிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு பிரேஸிலின் ரியோ டி ஜெனீரோ நகருக்குச் சென்றார். கண்ணாடித் தகட்டில், உறைந்த ரத்தநீரின் ஒரு துளிக்குள், கோழிக் கருவிலிருந்து எடுத்த ஒரு நரம்பு முடிச்சையும், அதைத் தொடாமல் சிறிது தள்ளிக் கட்டியின் ஒரு துணுக்கையும் வைத்து இளஞ்சூட்டில் விட்டார். ஒரே நாளில், அந்த நரம்பு முடிச்சின் நாற்புறத்திலிருந்தும் இழைகள் நெருக்கமாக வெளிக்கிளம்பி, கட்டியிருந்த பக்கத்தில் இன்னும் அடர்ந்து, ஓர் ஒளிவட்டமாகச் சூழ்ந்திருந்தன. கட்டியின் துணுக்கு வைக்கப்படாத தகட்டில் அப்படி ஒன்றும் இல்லை. நரம்பை வளரச் செய்யும் பொருள் ஒன்று உண்டு என்பதும், அது அணுவைத் தொட்டுக்கொண்டிராமலே தூரத்திலிருந்து செயற்படும் என்பதும் அந்தச் சிறு துளியில் கண்கூடாயின.

அப்பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையை 1953இல் ஏற்றவர் ஸ்டான்லி கோஹன் என்ற ரசாயன நிபுணர். அது புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று தெரிந்துகொள்வதற்காக, நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கவல்ல பாம்பு விஷத்தைச் சிறிது சேர்த்துப் பார்த்தபோது, ஒளிவட்டம் மறைவதற்குப் பதிலாகப் பன்மடங்கு பெருகியது. விஷத்திலேயே அந்தப் பொருள் மிகுந்திருந்தது என்பது பிறகு தெளிவாயிற்று. பாம்பின் விஷப்பை என்பது மற்றப் பிராணிகளின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இணையான உறுப்பல்லவா என்று சிந்தித்து, ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார். அங்கே அது தாராளமாகக் கிடைத்தது. இவ்வாறு கைக்கு வந்த முதல் நரம்பு வளர்ச்சிக் காரணிக்காகவும், அதைத் தேடும்போது கோஹன் கண்டுபிடித்த மேல்தோல் வளர்ச்சிக் காரணிக்காகவும் இருவருக்கும் 1986இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் இந்த முதற்காரணி எல்லா நரம்பணுக்களுக்கும் உணவாகிவிடவில்லை. பரிவு நரம்புகளும், வலியை உணர்த்தும் மெல்லிய நரம்புகளும் இதை நாடின; தசையை இயக்கும் நரம்புகளும், மூளையிலிருந்து தண்டுவடத்தில் இறங்கும் நீண்ட இழைகளும் இதற்குச் செவிசாய்க்கவில்லை. ஆகவே வேறு காரணிகளும் இருந்தே தீரவேண்டும் என்ற நம்பிக்கையில், 1982இல் ஜெர்மனியில் ஈவ்-அலேன் பார்டும் ஹான்ஸ் தோனனும் கிலோக் கணக்கான பன்றி மூளையை வடித்து, மைக்ரோகிராம் அளவில் இரண்டாவது காரணி ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். பி.டி.என்.எஃப். என்று சுருக்கமாக வழங்கப்படும் அதனையடுத்து நியூரோட்ரோஃபின்-3, 1993இல் ஜி.டி.என்.எஃப். என்று குடும்பம் பெருகிற்று. ஒவ்வொரு காரணியையும் கிரகிப்பதற்கென்று நரம்பணுவின் மேற்பரப்பில் தனித்தனியான ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி இல்லாத அணுவின்மேல் அந்தக் காரணியை எவ்வளவு பெய்தாலும் பயனில்லை. இழையின் நுனியில் காரணி சென்று பொருந்தியதும் அந்தச் செய்தி இழை நெடுகிலும் பின்னோக்கிப் பயணம் செய்து அணுவின் உடலை அடைய, அங்கே உயிர்காக்கும் மரபணுக்களும் வளர்ச்சிக்குரிய மரபணுக்களும் விழித்தெழுகின்றன. இன்ன அணுவுக்கு இன்ன காரணி என்ற இந்தப் பொருத்தமே சிகிச்சையின் முதல் விதியாகும்.

இந்த அறிவைக் காயமுற்ற தண்டுவடத்தில் பிரயோகித்த பரிசோதனைகள் 1990களில் வேகம் கொண்டன. 1994இல் ஜூரிக் நகரில் மார்ட்டின் ஷ்வாபின் குழுவினர், நியூரோட்ரோஃபின்-3 எலிகளில் மூளையிலிருந்து இறங்கும் இழைகளை மிகுதியாகத் துளிர்க்கச் செய்வதையும், இரண்டாம் கேள்விக்கு ஒரு விடையாக மயலினில் காணப்பட்ட தடைப்பொருளை மறிக்கும் எதிர்ப்புரதத்தையும் உடன் கொடுத்தால்தான் அவ்விழைகள் நெடுந்தூரம் செல்வதையும் காட்டினர். 1996இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தில் ஹென்ரிச் செங்கும் லார்ஸ் ஓல்சனும், முழுவதும் அறுக்கப்பட்ட எலித் தண்டுவடத்தில், விலாவின் நரம்புகளைப் பாலமாக வைத்து, ஒருவகை வளர்ச்சிக் காரணி கலந்த ஃபைப்ரின் பசையால் ஒட்டி, பின்னங்கால்களின் இயக்கம் ஓரளவு திரும்பியதாக அறிவித்தது உலகெங்கும் பரபரப்பை உண்டாக்கிற்று. காரணியை ஊசியால் செலுத்தினால் சில மணிகளில் சிதைந்துபோகிறது என்பதனால், அமெரிக்காவின் ஸான் டியாகோவில் மார்க் டுஷின்ஸ்கியின் குழுவினர், அதைத் தாமே சுரக்கும்படி மரபணு மாற்றிய தோலணுக்களைக் காயத்தினுள் நட்டு, 1997இல் நியூரோட்ரோஃபின்-3 கொண்டு பகுதி பலன் கண்டனர்.

இவற்றுள் எனக்கு மிகவும் நெஞ்சை நெகிழ்விப்பது 2002இல் கனடாவின் வான்கூவரில் பிரயன் குவானும் வொல்ஃப்ரம் டெட்ஸ்லாஃபும் வெளியிட்ட முடிவு. எலியின் தண்டுவடத்தைக் காயப்படுத்தி ஓர் ஆண்டு கழிந்தபின், மூளையின் அடியிலுள்ள சிவப்புக் கரு என்னும் பகுதியின் நரம்பணுக்களைப் பார்த்தால் கணிசமானவை இறந்துவிட்டன என்றே எண்ணத் தோன்றும்; ஆனால் அவ்வணுக்களின் அருகே பி.டி.என்.எஃப். காரணியைச் செலுத்தியபோது, காணாமற்போனவற்றுள் பல மீண்டும் பருத்துத் தென்பட்டன. சுருங்கிக் கிடந்தனவேயன்றி அவை மடியவில்லை. புற நரம்புப் பாலத்தினுள் இழை விடவும் அவற்றுக்குச் சக்தி இருந்தது. எலிக்கு ஓர் ஆண்டு என்பது ஆயுளில் பெரும்பகுதி. விபத்து நேர்ந்து ஆண்டுகள் ஆகிவிட்டனவே, இனி என்ன என்று கேட்பவர்களுக்கு விஞ்ஞானம் அளிக்கக்கூடிய ஆறுதலுள் இதைவிட மெய்யானதை நான் அறியேன்.

எனினும், வளர்ச்சி ஒன்றே குணமாகிவிடாது என்ற பாடத்தையும் இதே ஆண்டுகள் கற்பித்தன. முதற்காரணி வலி நரம்புகளுக்கு உகந்தது என்று சொன்னேன். அதைத் தண்டுவடத்தில் மிகுதியாகச் சுரக்கச் செய்த பரிசோதனைகளில் அந்த நரம்புகளே கண்டபடி துளிர்த்து, எலிகளுக்குத் தீராத வலியை உண்டாக்கின. பி.டி.என்.எஃப். காரணியை மிகுத்தபோது, கால்கள் அசைந்தாலும் தசைகள் கட்டுக்கடங்காமல் விறைத்துத் துள்ளும் நிலை சிலவற்றில் காணப்பட்டது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஜி.டி.என்.எஃப். காரணியை ஓரிடத்தில் குவித்தபோது, தசையை நாடிச் செல்லவேண்டிய இழைகள், வழியில் வைக்கோற்போரைக் கண்ட மாடு வீட்டுக்குத் திரும்பும் நினைவையே மறந்து நின்றுவிடுவதைப் போல, அந்த ஊட்டத்தைச் சுற்றிச்சுற்றிச் சுருண்டு அங்கேயே தங்கிவிட்டன. ஆகவே, அதே ஆய்வாளர்கள் லண்டன் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, டாக்சிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுக்கும் வரையில் மட்டுமே காரணியைச் சுரக்கும்படி மரபணுவை அமைத்து, ஒரு மாதம் சுரக்கவிட்டுப் பின் நிறுத்தினார்கள். இழைகள் அவ்விடத்தை விட்டு மேலே வளர்ந்து நெடுந்தூரம் சென்றன என்று 2019இல் வெளியான அவர்களுடைய ஆய்வு தெரிவிக்கிறது. எதைக் கொடுப்பது என்பதோடு, எங்கே கொடுப்பது, எப்பொழுது நிறுத்துவது என்பவையும் மருந்தின் பகுதிகளே என்பது இவ்வாறு நிலைபெற்றது.

இந்தச் சிந்தனையின் கனியாக அண்மையில் இரண்டு ஆய்வுகள் தோன்றின. கலிஃபோர்னியாவின் மைக்கேல் சோஃப்ரோனியூவும், சுவிட்ஸர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கிரெகுவார் கூர்டீன், மார்க் ஆண்டர்ஸன் ஆகியோரும் 2018இல் மூன்று தேவைகளை வகுத்தனர். கருப்பருவத்தில் இருந்து பின் அடங்கிப்போன வளரும் ஆற்றலை நரம்பணுவுக்குள் மீண்டும் எழுப்பவேண்டும்; இழை ஊன்றிச் செல்வதற்கேற்ற தளத்தைக் காயத்தினுள் உண்டாக்கவேண்டும்; செல்லவேண்டிய திசையிலிருந்து அதை ஈர்க்கவேண்டும். முதலாவதற்கு மூன்று காரணிகளை வைரஸ் மூலமாகக் காயத்துக்கு முன்னதாகவே அணுக்களுக்குள் செலுத்தினர். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வேறு காரணிகளைக் கூழ்மப் பொட்டுகளில் அடைத்துக் காயத்தினுள்ளும் அதன் அப்பாலும் வைத்தனர். மூன்றும் ஒருங்கே அமைந்தபோது, முழுமையாக நசுக்கப்பட்ட தண்டுவடத்தில் இழைகள் காயத்தைக் கடந்து மறுகரை ஏறின. ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி குன்றிற்று. தழும்பு என்பது தாண்டவே முடியாத மதில் என்ற எண்ணத்தையும் இவ்வழியிலான ஆய்வுகள் தளர்த்தின.

ஆனால் கடந்து சென்ற இழைகளில் மின்துடிப்பு பாய்ந்தும், அந்தச் சுண்டெலிகள் நடக்கவில்லை. ஏன் என்று ஐந்தாண்டுகள் ஆராய்ந்தபின், 2023இல் விடை வந்தது. பகுதிக் காயத்திலிருந்து தாமாகவே தேறும் சுண்டெலிகளில் நடையை மீட்டுத் தருபவை எந்த நரம்பணுக்கள் என்று முதலில் நிர்ணயித்துக்கொண்டு, மார்புப் பகுதியிலுள்ள அந்தக் குறிப்பிட்ட இனத்தின் இழைகளை, காயத்துக்கு அப்பால் ஏதோ ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடாமல், இடுப்புப் பகுதியில் அவை இயல்பாகச் சேரவேண்டிய இடம் வரையில் காரணிகளால் ஈர்த்துச் சென்றார்கள். முழுமையாகக் காயமுற்ற அந்தச் சுண்டெலிகள், பகுதிக் காயத்திலிருந்து தேறியவற்றுக்கு ஒப்பாக மீண்டும் நடந்தன. இழையை வளர்ப்பது பாதி வேலை. உரிய இழையை உரிய இடத்தில் சேர்ப்பதே மறுபாதி.

சுண்டெலிக்கு மில்லிமீட்டர்க் கணக்கான தூரம் மனிதனுக்குச் சென்டிமீட்டர்க் கணக்காகிறது. நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற புற நரம்பின் வேகத்தில் வளர்ந்தாலும், கழுத்திலிருந்து இடுப்புவரை 30 சென்டிமீட்டர் செல்ல 300 நாட்கள் வேண்டும்; அத்தனை நாளும் வழிகாட்டும் காரணி தடம் மாறாமல் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். மேலும், சுண்டெலியில் செய்ததைப் போலக் காயத்துக்கு முன்னமே மனிதனுக்கு வைரஸைச் செலுத்தி வைப்பது என்பதும் இயலாத காரியம். நரம்பு நோய்களில் வளர்ச்சிக் காரணிகளை மனிதருக்குக் கொடுத்த முதல் முயற்சிகளும் ஏமாற்றமாகவே முடிந்தன. தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் நோய்க்கு 1990களில் கொடுக்கப்பட்ட பி.டி.என்.எஃப். முதலியனவும், நீரிழிவால் வரும் நரம்புத் தேய்வுக்குக் கொடுக்கப்பட்ட முதற்காரணியும் பெரும் பரிசோதனைகளில் பலன் காட்டவில்லை. சரீரம் முழுவதும் பரவவிட்ட காரணி வேண்டிய இடத்தை வேண்டிய அளவில் சென்றடையாமையை அதற்கு முக்கியமான காரணமாகக் கருதுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, அதே முதற்காரணி கண்ணின் கருவிழிப்படலத்தில் நரம்பு நலிவதால் உண்டாகும் புண்ணுக்குச் சொட்டு மருந்தாக 2017இல் ஐரோப்பாவிலும் 2018இல் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது. காயத்தின் மேலேயே இட முடிந்த இடத்தில் அது வென்றது. தண்டுவடத்தைப் பொறுத்தவரையில், ஜப்பானின் கேயோ சர்வகலாசாலையினர் கல்லீரலணு வளர்ச்சிக் காரணியை, புதிதாகக் காயமுற்ற நோயாளிகளுக்குத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரினுள் ஊசி மூலம் செலுத்திப் பரிசோதித்து 2020இல் முடிவை வெளியிட்டனர். அம்முறை பாதுகாப்பானது என்று தெரிந்தது. முன்னேற்றத்தின் குறிகள் தென்பட்டாலும், ஐயமறத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அவை அமையவில்லை.

இவ்விடத்தில் பலரும் கவனியாத ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். சரீரப் பயிற்சி செய்யும் எலிகளின் தண்டுவடத்திலும் தசையிலும் பி.டி.என்.எஃப்., நியூரோட்ரோஃபின்-3 ஆகியவை தாமாகவே அதிகரிக்கின்றன என்பதைக் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே காட்டியிருக்கிறார்கள். எஞ்சிய நரம்புகள் புதிய இணைப்புகளைக் கற்றுக்கொள்வது இடைவிடாத பயிற்சியினால் என்பது வைத்தியர்களின் அநுபவம்; அதன் அடிப்படையில் சரீரத்தின் சொந்த வளர்ச்சிக் காரணிகளுக்கும் பங்குண்டு என்று எண்ண இப்பொழுது இடமிருக்கிறது. 1954இல் கார் விபத்தில் தம் கால்களின் இயக்கத்தை இழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சைகளைச் செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தை அமைத்தபோது, இன்று ஆய்வுக்கூடங்களில் பேசப்படும் புரதங்கள் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. தோலில் புண் வராமல் காப்பதும், சிறுநீரகத்தைப் பேணுவதும், கைகால்களை மடங்கி இறுகவிடாமல் அன்றாடம் அசைப்பதும் ஒரு மனிதனுக்கு வாழ்வைத் திருப்பிக் கொடுக்கும் என்பதை அறிந்திருந்தார். இறுகிப்போன மூட்டுக்கும் உருகிப்போன தசைக்கும் நாளைக்கு ஓர் இழை வந்து சேர்ந்தாலும் பயன் என்ன? வரவிருக்கும் சிகிச்சையைப் பெறத்தக்க சரீரத்தை இன்றே காத்துவைப்பதும் இந்தச் சிகிச்சையின் முதற்பகுதி.

தண்டுவடம் காயமுற்றவரின் குடும்பம் எதையும் விற்று எதையும் முயன்றுபார்க்கத் துணியும் நிலையில் இருப்பதை அறிந்து, நிரூபிக்கப்படாத ஊசிகளை லட்சக்கணக்கில் விலை கூறுபவர்கள் உலகின் பல நகரங்களில் இருக்கிறார்கள். வலியையும் விறைப்பையும் உண்டாக்கவல்லவை இந்தக் காரணிகள் என்பதையும், ஓரங்குலம் தவறினாலும் ஒரு மாதம் மிகுந்தாலும் பலன் தலைகீழாகும் என்பதையும் அறிந்தவர் எவரும் அத்தகைய கதவைத் தட்டமாட்டார். முறைப்படி பதிவுசெய்யப்பட்டு, நோயாளியிடம் பணம் வாங்காமல், பலனையும் பாதகத்தையும் ஒளிக்காமல் வெளியிடும் பரிசோதனையே நாடத்தக்கது. கஹாலின் காலத்தில் இழை வளராது என்றார்கள். அது வளரும் என்று இன்று தெரியும். எந்தக் காரணியால், எந்த அணு, எந்தத் திசையில், எத்தனை நாள் என்ற நான்கு கேள்விகளுக்கும் சுண்டெலியில் விடை கிடைத்திருக்கிறது, மனிதனில் கிடைக்கவேண்டியிருக்கிறது. எஞ்சியிருப்பவை கடினமான கேள்விகளேயாயினும், விடையற்றவை என்று ஒதுக்கிவைக்கத்தக்க நிலையை அவை கடந்துவிட்டன. அவற்றுக்கு விடை காணும் உழைப்புக்குத் தாராளமாகப் பொருளுதவுவதும், அது முடியும் வரையில் காயமுற்ற ஒவ்வொருவருக்கும் நல்ல மறுவாழ்வுச் சிகிச்சை எட்டும்படி செய்வதும் நம் காலத்துச் சமுதாயத்தின் கடமை.